பிக்கப் வண்டியில் "பிக்கப்" இல்லையா? பம்பைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

வண்டிக்குப் பெயரே பிக்கப். ஆனால் "பிக்கப் இல்லை" என்பதுதான் பழைய வண்டிக்காரர்களின் தீராத புகார். மிதித்தால் இழுப்பதில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. சிக்னலில் நின்றால் தானாக ஆஃப் ஆகிறது. பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடுகிறது.

பொம்மனஹள்ளியிலும் ஓசூர் ரோடு, பேகூர் ரோடு பக்கங்களிலும் இத்தகைய வண்டிகளை நம்பிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகளின் துணி மூட்டை, ஓசூர்ப் பக்கத்துக் காய்கறி, வீடு மாற்றுகிறவர்களின் கட்டிலும் பீரோவும் எல்லாம் இவற்றில்தான் போகின்றன. ஆபீசில் வேலை பார்க்கும் குமாஸ்தாகூட, மச்சானோடு கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய டாடா 207 அல்லது 407 வண்டியை வாங்கி ஓட விடுவதுண்டு. 2025 ஆகஸ்டு முதல் பொம்மனஹள்ளி வழியாக மெட்ரோ ரயில் ஓடுகிறது. அதில் ஆள் போகலாம். மூட்டை போக முடியாது. மூட்டைக்கு வண்டிதான் கதி.

வண்டி நின்றால் அன்றைய வாடகை நின்றது. வாங்கிய கடனின் தவணை மட்டும் நிற்பதில்லை. அந்தப் பதற்றத்தில் வண்டிக்காரர் ஒர்க்ஷாப்புக்கு ஓடுகிறார். "பம்பு போயிருக்கும்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும். பம்பு கழற்றப்படுகிறது. வண்டி நாள்கணக்கில் படுக்கிறது. கையிருப்பு கரைகிறது. கடைசியில் வண்டி வெளியே வந்து, அதே ஏற்றத்தில் அதே மாதிரி நிற்கிறது!

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? இழுவை குறைந்து நிற்கும் டீசல் வண்டியில் முதலில் பழி சுமப்பது பம்பு. ஆனால் பம்புக்கு டீசல் ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று பார்ப்பதற்கு முன் பம்பைக் குற்றம் சொல்வது நியாயமல்ல. காசு செலவில்லாத சோதனை முதலில், சில்லறைச் செலவுள்ளது அடுத்து, பெருஞ்செலவு கடைசியில். இந்த வரிசை தவறினால்தான் பணம் பாழ்.

"மைக்கோ" சொல்லிக் கொடுத்த பாடம்

பொம்மனஹள்ளிக்கும் டீசல் பம்புக்கும் ஒரு பக்கத்து வீட்டு உறவு உண்டு. ஓசூர் ரோட்டில் நகரத்தை நோக்கிப் போனால் வருவது ஆடுகோடி. அங்கேதான், 1951-ல் நிறுவப்பட்ட மோட்டார் இண்டஸ்டிரீஸ் கம்பெனி, அதாவது "மைக்கோ", டீசல் பம்புகளையும் நாசில்களையும் செய்து நாடெங்கும் அனுப்பியது. 2008-ல் அந்தக் கம்பெனியின் பெயர் பாஷ் என்று மாறிவிட்டது. ஆனாலும் பழைய மெக்கானிக்குகளின் வாயில் அது இன்னமும் மைக்கோ பம்புதான். அருகிலுள்ள மைக்கோ லேஅவுட் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தப் பம்புக்குள் என்ன இருக்கிறது? ஓர் உருளை, அதற்குள் ஏறி இறங்கும் ஓர் உலக்கை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்குதான். தலைமுடியின் கனத்தோடு ஒப்பிட்டால்கூட அது மிகச் சிறியது. பழைய நேரடி டீசல் என்ஜின்களில் நாசில் திறக்க, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம் வேண்டும். அதைத் தருவது இந்த உலக்கை.

இவ்வளவு நுட்பமான பொருளுக்கு எண்ணெய் போடுவது யார்? பெரும்பாலான சிறிய வண்டிப் பம்புகளில், அதன் வழியே ஓடும் டீசலேதான் உள்ளுறுப்புகளுக்கு வழவழப்பு. சுத்தமான டீசல் வந்தால் பம்பு நெடுநாள் உழைக்கும். தண்ணீர், தூசி, கலப்பட மண்ணெண்ணெய் வந்தால் அது தேயும், துருப்பிடிக்கும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். பம்பு நிஜமாகவே கெட்டிருந்தால், அதைக் கெடுத்த பொருள் டாங்கியிலோ குழாயிலோ இன்னும் இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பம்பு போட்டால், புதுப் பம்புக்கும் அதே கதிதான்.

முதலில் வண்டியைக் கேளுங்கள்

வைத்தியர் நாடி பிடிப்பதற்கு முன் "எப்போதிருந்து வலி?" என்று கேட்கிறார். வண்டிக்கும் அதே முறைதான். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை வண்டியில் போட்டு வையுங்கள். கோளாறு வரும் ஒவ்வொரு தடவையும் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கிளம்பி எவ்வளவு நேரம் கழித்து வந்தது? இரண்டு, பாரம் இருந்ததா, ஏற்றமா, சமதரையா? மூன்று, டாங்கியில் எவ்வளவு டீசல் இருந்தது? நான்கு, புகை என்ன நிறம்? ஐந்து, சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றதா, அல்லது விக்கி விக்கி, மூச்சுத் திணறி நின்றதா?

இந்த ஐந்தாவது கேள்வி மிக முக்கியம். விக்கி விக்கி நின்றால் டீசல் போதவில்லை, அல்லது டீசலோடு காற்றுச் சேர்கிறது. பட்டென்று நின்றால் மின் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

புகை சொல்லும் சேதி

கறுப்புப் புகை தள்ளிக்கொண்டு வண்டி இழுக்காமல் இருந்தால், டீசல் வருகிறது, அதை எரிக்கும் அளவுக்குக் காற்று வரவில்லை என்று பொருள். ஏர் பில்டரைப் பாருங்கள். நாசில் ஒழுகினாலும் கறுப்புப் புகை வரும்.

காலையில் ஸ்டார்ட் ஆனதும் சற்று வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. ஓடும்போதும் வெள்ளையாக வந்து கண் எரிந்தால், டீசல் எரியாமல் வெளியேறுகிறது. டீசலில் காற்று, டைமிங் தவறு, கம்ப்ரஷன் குறைவு ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைக் கவனிக்க வேண்டும்.

நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. இது தேய்மானத்தின் அடையாளம்.

புகையே இல்லாமல் வண்டி சோர்ந்து போகிறதா? இதுதான் பலரை ஏமாற்றுவது. "புகை இல்லை, என்ஜின் நன்றாக இருக்கிறது" என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில், எரிக்க டீசலே போய்ச் சேராவிட்டால் புகை எங்கிருந்து வரும்? வயிற்றில் சோறு இல்லாதவனைச் சோம்பேறி என்பது போலத்தான் இது.

மூடியிலிருந்து தொடங்கலாம்

டீசல் பயணம் தொடங்குவது டாங்கியில். சோதனையும் அங்கேதான் தொடங்க வேண்டும். முதல் சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை.

டாங்கியிலிருந்து டீசல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியிலோ தனிக் குழாயிலோ ஒரு சிறு துளை இருக்கும். மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் அதை அடைத்துவிட்டால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகும். பம்பு எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. வாய் குறுகிய பாட்டிலைக் கவிழ்த்தால் தண்ணீர் "குளுக் குளுக்" என்று விட்டு விட்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

ஒரு வண்டி பொம்மனஹள்ளியில் நன்றாகக் கிளம்புகிறது. எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் சோர்கிறது. அத்திப்பள்ளி வருவதற்குள் நிற்கிறது. கொஞ்ச நேரம் நிழலில் நிறுத்தினால் மறுபடி ஓடுகிறது. இப்படிப்பட்ட வண்டியில், நின்றவுடனே டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் பாதி விடை கிடைத்துவிட்டது. மூடியைச் சுத்தம் செய்து, துளையைத் திறந்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தால் மீதி விடையும் கிடைக்கும்.

சத்தம் வரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் டாங்கியின் அடி. பழைய இரும்பு டாங்கியில் துருவும் சேறும் தங்கியிருக்கும். வண்டி ஓடும்போது அது டீசலோடு இழுபட்டு, உறிஞ்சு குழாயின் வாயில் வந்து அடைக்கும். வண்டி நின்றதும் இழுப்பு நின்று, அழுக்கு அடியில் படியும். வழி திறக்கும். வண்டி ஓடும். சிறிது நேரத்தில் மறுபடி அடைக்கும். "ஓய்வு கொடுத்தால் ஓடுகிறது" என்ற மர்மத்தின் முடிச்சு பல வண்டிகளில் இங்கேதான் இருக்கிறது. டாங்கியை இறக்கிக் கழுவுவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

டாங்கி நிறைய இருந்தால் ஓடி, கால் பங்காகக் குறைந்தால் மட்டும் நின்றால், டாங்கிக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயில் பாதியில் ஓட்டை விழுந்திருக்கலாம். டீசல் மட்டம் அந்த ஓட்டைக்குக் கீழே இறங்கியதும் குழாய் காற்றை உறிஞ்சத் தொடங்கும். நோட்டில் டீசல் அளவை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

சிந்தாமல் கெடுக்கும் குழாய்

"குழாய் எங்கும் ஒழுகவில்லை, ஈரமே இல்லை" என்று பலர் சொல்வார்கள். அது போதாது. டாங்கிக்கும் பீட் பம்புக்கும் நடுவே உள்ள குழாயில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அங்கே வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சிந்தாது; வெளிக்காற்று உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்டிராவில் இளநீர் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்கு வருவது காற்றுதான்.

பழைய ரப்பர் ஹோஸ் வெயிலிலும் சூட்டிலும் இறுகி, கிளிப் போட்ட இடத்தில் மயிரிழை போல் வெடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி நிறுத்திய வண்டியில் டீசல் அந்த வழியே டாங்கிக்கு இறங்கிவிடும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். ஸ்டார்ட் ஆன பிறகும் சற்று ஓடி ஆஃப் ஆகும்.

இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. பில்டருக்கு வரும் வழியில் ஒரு சாண் நீளத்துக்கு, டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டி, என்ஜினை ஓட விட்டுப் பார்க்க வேண்டும். சங்கிலி போல் குமிழிகள் வந்துகொண்டே இருந்தால், காற்று பிடிக்கும் இடம் அதற்கு முன்னால் இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கிப் போனால் கள்ளன் அகப்படுவான். சில அடி ஹோஸ், நான்கு கிளிப், இரண்டு செம்பு வாஷர். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை இது.

பில்டரும் தண்ணீரும்

டீசல் பில்டர் அடைத்தால் வெறும் வண்டி ஓடும். பாரம் ஏற்றினால் ஓடாது. ஏனென்றால் மெதுவாக ஓட சிறிது டீசல் போதும். முழுப் பாரத்தோடு மேம்பாலம் ஏறும்போதுதான் முழு அளவு தேவைப்படுகிறது. "காலியாகப் போகையில் ராஜா, லோடு போட்டால் நோஞ்சான்" என்று சொல்லும்படி இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது பில்டர்.

புதுப் பில்டர் போட்டுச் சில நாளிலேயே மறுபடி அடைத்தால், குற்றம் பில்டருடையதல்ல. டாங்கி அழுக்கு. மாற்றிய பழைய பில்டரை வீசிவிடாமல் அதிலுள்ள டீசலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தங்கும். துருவும் தெரியும். கறுத்த கோழை போன்ற பொருள் இருந்தால், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் கிருமிகளின் வேலை அது.

மழைக் காலத்தில் தண்ணீர்த் தொல்லை அதிகம். பாதி காலியான டாங்கியில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து சொட்டும். பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். இரவு நிறுத்துமுன் டாங்கியை ஓரளவு நிரப்பி வைப்பதும் நல்லது.

பில்டர் மாற்றியதும் காற்றை எடுக்க வேண்டும். பழைய வண்டியானால், பில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு மூட வேண்டும். இதைச் செய்யாமல் செல்ப் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் சாகும்.

பீட் பம்பு வலுவிழந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். பில்டர், குழாய், டாங்கி மூன்றும் சுத்தமாக இருந்தும் டீசல் போதவில்லை என்றால் அதைச் சோதிக்கச் சொல்லலாம்.

ஒரு சிறு ஒயர் செய்யும் வேலை

முன்னறிவிப்பு எதுவுமின்றிப் பட்டென்று ஆஃப் ஆகும் வண்டிகளுக்கு வருவோம். பல பழைய டீசல் வண்டிகளில், பம்பின்மேல் கட்டைவிரல் அளவு ஒரு சொலினாய்டு இருக்கும். சாவி போட்டால் மின்சாரம் வந்து டீசல் வழியைத் திறக்கும். சாவியை எடுத்தால் மூடும். அதற்குப் போவது ஒரே ஒரு ஒயர்.

அந்த ஒயரின் முனை துருப்பிடித்தோ தளர்ந்தோ இருந்தால், பள்ளத்தில் இறங்கும் குலுக்கலில் இணைப்பு விட்டுப் போகும். ஒரு நொடியில் என்ஜின் நிற்கும். மறுபடி குலுங்கினால் ஒட்டிக்கொள்ளும். சாவியைப் போட்டு எடுக்கும்போது பம்புப் பக்கம் "டிக்" என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். என்ஜின் ஓடும்போது ஒயரை லேசாக அசைத்துப் பாருங்கள். சாவி சுவிட்ச், பியூஸ், பேட்டரியின் எர்த் ஒயர் ஆகியவற்றையும் அதே கையோடு பார்த்துவிட வேண்டும்.

காற்றுக்கும் கணக்கு உண்டு

என்ஜின் குடிப்பது டீசல் மட்டுமல்ல. 1 லிட்டர் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கிலோ காற்று வேண்டும். கன அளவில் பார்த்தால் 10 ஆயிரம் லிட்டர்! அவ்வளவும் ஏர் பில்டர் வழியாகத்தான் போக வேண்டும். ஓயாமல் கட்டட வேலை நடக்கும் ஊரில், சிமெண்டுத் தூசியும் மண்ணும் அந்தக் காகித மடிப்புகளை எவ்வளவு விரைவில் அடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்காக ஏர் பில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது என்ஜினுக்கு மண் ஊட்டுவதாகும்.

பெங்களூரின் உயரமும் ஒரு காரணம். இந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். 2005-ல் வந்த முதல் டாடா ஏஸ் வண்டியின் இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜினுக்கு இருந்ததே 16 குதிரைச் சக்தி. அதில் ஒன்றரை போனால் தெரியாமலா இருக்கும்? கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு ஏறும் வண்டி சற்றுத் திணறுவது இயற்கை.

ஆனால் இது என்றும் உள்ள குறை. போன மாதம் மூன்றாவது கியரில் ஏறிய மேட்டில் இந்த மாதம் இரண்டாவது கியர் கேட்டால், ஊர் உயர்ந்துவிட்டது என்று காரணம் சொல்ல முடியாது.

டர்போ உள்ள வண்டியில் டர்போவிலிருந்து என்ஜினுக்கு வரும் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தாலும், கிளிப் நழுவியிருந்தாலும் இழுவை போகும். கறுப்புப் புகை தள்ளும். பின்னால் இடிபட்டு நசுங்கிய சைலன்சரும் என்ஜினின் மூச்சை அடைக்கும்.

என்ஜின் பாவம், விட்டுவிடுங்கள்

சில சமயம் குற்றம் என்ஜினிலேயே இருக்காது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. வண்டி பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஓடுகிறது.

ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. டயரில் காற்றுக் குறைந்தாலும், ஏற்றக்கூடாத பாரம் ஏற்றினாலும் வண்டி இழுக்காது.

இன்னொன்று, சிரிப்பு வரும் அளவுக்கு எளிது. என்ஜினை அணைத்துவிட்டு, ஒருவர் பெடலை முழுவதும் மிதிக்க, மற்றவர் பானட்டைத் திறந்து பம்பின் லீவர் கடைசிவரை போகிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் தொய்ந்து போய், பெடல் தரையைத் தொட்டும் லீவர் முக்கால்வாசிதான் நகர்கிறது என்றால், முழுச் சக்தி எப்படிக் கிடைக்கும்? கேபிளைச் சரிசெய்தால் போன பிக்கப் திரும்பி வந்துவிடும்.

காமன் ரெயில் வண்டியில் கை வைக்க வேண்டாம்

மேலே சொன்ன டாங்கி, குழாய், பில்டர் சோதனைகள் எல்லா டீசல் வண்டிக்கும் பொருந்தும். ஆனால் "காமன் ரெயில்" முறை உள்ள பிந்தைய வண்டிகளில், பம்புக்குப் பிறகு உள்ள குழாய்களில் அழுத்தம் ஆயிரம் மடங்கு காற்றழுத்தத்தைத் தாண்டும். என்ஜின் ஓடும்போது அந்த நட்டுகளைத் தளர்த்தவே கூடாது. ஒழுகலைக் கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. ஊசி போல் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் கையையே இழக்க நேரிடும்.

இவ்வகை வண்டியில் மீட்டர் போர்டில் என்ஜின் விளக்கு எரிந்து, குறிப்பிட்ட வேகத்துக்குமேல் வண்டி போக மறுத்தால், என்ஜின் கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்திருக்கிறது. ஸ்கேனர் உள்ள ஒர்க்ஷாப்பில் காட்டிக் குறியீட்டை எழுதி வாங்க வேண்டும். அந்தக் குறியீடு சந்தேகத்துக்குரிய இடத்தைத்தான் காட்டும், தீர்ப்புச் சொல்லாது. டீசல் அழுத்தம் குறைவு என்று அது சொன்னால், அடைத்த பில்டரும் அதற்குக் காரணமாகலாம்.

பம்பை எப்போது சந்தேகிப்பது?

மேற்சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் கோளாறு தீரவில்லை என்றால், வால்வு இடைவெளி, கம்ப்ரஷன், டைமிங், நாசில் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுக் கடைசியாகப் பம்புக்கு வரலாம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது உடனே ஸ்டார்ட் ஆகி, சூடேறியபின் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆக மறுப்பது பம்புத் தேய்மானத்தின் ஓர் அறிகுறி. சூட்டில் டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த உலக்கையின் இடைவெளி வழியே கசிந்துவிடுகிறது.

அப்போதும் பம்பைச் சோதனை மேடை உள்ள டீசல் பம்பு ஒர்க்ஷாப்பில்தான் திறக்க வேண்டும். மரத்தடியில் திறக்கக் கூடாது. சீலை உடைத்துத் திருகைக் கூட்டி, "இப்போது பாருங்கள் இழுவையை" என்று காட்டுவோரிடமும் எச்சரிக்கை தேவை. இழுவை வரும். கூடவே கறுப்புப் புகையும், டீசல் செலவும், பிஸ்டன் சூடும் வரும். புகைச் சான்று கிடைக்காது. 8 ஆண்டு கடந்த வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

நடுரோட்டில் நின்றுவிட்டால்

இழுவை குறைவது பணத்துக்கு ஆபத்து. திடீரென்று நிற்பது உயிருக்கே ஆபத்து. என்ஜின் நின்றதும் பிரேக்குக்கு உதவி செய்யும் பூஸ்டரும் நின்றுவிடும். ஓரிரு தடவை மிதிக்கும்வரை உதவி மிச்சமிருக்கும். பிறகு பெடல் கல் போல் இறுகும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஆகவே பதறி மிதித்து மிதித்து விடாமல், ஒரே அழுத்தாகப் பிரேக்கை அழுத்தி, வேகம் இருக்கும்போதே இடப்பக்கம் ஒதுக்க வேண்டும். ஓடும் வண்டியில் சாவியை எடுக்கக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

பொம்மனஹள்ளியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளும் மேம்பாலச் சாலை 2010-ல் திறக்கப்பட்டது. ஒதுங்க இடம் குறைந்த அந்தப் பாலத்தில், விட்டு விட்டு நிற்கும் வண்டியோடு ஏறுவது வீண் துணிச்சல். கோளாறு தீரும்வரை கீழ்ச் சாலையே மேல். நின்றுவிட்டால் நான்கு விளக்குகளையும் மினுக்க விட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் நன்றாகத் தள்ளி வைத்து, ஆட்கள் சாலை ஓரத்தில் பாதுகாப்பாக நிற்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் நின்று தள்ளுவது கூடாது.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

"வண்டி இழுக்கவில்லை, பாருங்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போனால், மெக்கானிக் ஊகத்தில்தான் வேலை செய்ய வேண்டும். ஊகத்தின் செலவு வண்டிக்காரர் தலையில் விழும். அதற்குப் பதில் நோட்டைத் திறந்து, "லோடு இருந்தால் அரை மணியில் நிற்கிறது, புகை இல்லை, டாங்கி மூடியைப் பார்த்தாயிற்று, பில்டர் புதுசு" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் மகிழ்ந்துபோவார். அவருடைய பாதி வேலை முடிந்துவிட்டதே! எழுதப் படிக்கத் தயங்கும் டிரைவருக்கு, வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளையோ பக்கத்து வீட்டுக் குமாஸ்தாவோ இந்த நோட்டை எழுதிக் கொடுக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் லோடோடு ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கு பாகங்களை ஒன்றாக மாற்றினால், எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். சாமான் வாங்க ஜே.சி. ரோட்டுக்குப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோனால், அளவு தவறிய சாமானோடு திரும்பி வர வேண்டியிராது.

மூடி, டாங்கி, குழாய், பில்டர், ஒயர், காற்று, பிரேக், கேபிள். இந்த எட்டையும் பார்த்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். பம்பைக் கழற்றச் சொல்வதானால் திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.